அவுக பேருள்ள ஊர்

மூன்றரை ஆகிவிட்டது, இந்நேரம் சக்கரம் தரையை விட்டிருக்கும், மாதாவே, என் மூத்தவனை உன் கையில் ஏந்திக்கொள், நான் இங்கே வளவுக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிறேன், தண்ணீர் இன்னும் வரவில்லை, காற்றுதான் வருகிறது, குழாய் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குகிறது, நானும்தான். காலையில் மகள் பெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து போனில் டிக்கெட்டைப் படித்துச் சொன்னாள். "யம்மா, கிளாடியண்ணன் புவனஸ் அயர்ஸ்ல காலைல ஏழு மணிக்கு ஏறுது. அந்தப் பக்கம் எட்டேகாலுக்கு எறங்குது. அங்கத்த நேரத்தோட எட்டரை மணி கூட்டிக்கோங்க, நம்ம நேரம் வந்துரும்." ஏழோடு கூட்டினேன், மூன்றரை. எட்டேகாலோடு கூட்டினேன், நாலே முக்கால். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்புதான், கூட்டல் மட்டும் ஆண்டவர் புண்ணியத்தில் மறக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சொச்சம். நம்ம ஊர்ல இருந்து மெட்ராஸ் போய்ட்டு அப்படியே திரும்பி வர்ற தூரம்னு வச்சுக்கோங்க" என்றாள். மெட்ராசுக்கு ஒரு தடவை பெனிட்டாவோடு விமானத்தில் போனேன், அதற்கே ஒன்றரை மணி ஆனது, காது அடைத்துக்கொண்டு. இது இரண்டு மடங்கு தூரம், அதைவிடச் சீக்கிரம் போகிறதே என்று ஒரு நிமிசம் தோன்றியது, பெரிய விமானமாக இருக்கும், பெரிய தேசத்து விமானம் வேகமாகத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ போகட்டும். இத்தனை வருசம் ஒருத்தனைப் பற்றி ஒருத்தன் விசாரிக்காத இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இன்றைக்கு வெறும் ஒன்றேகால் மணி நேரம்தான் இருக்கிறது, அதற்கே நான் முழங்காலில் நிற்க வேண்டும், நிற்க முடியவில்லை, குழாயடி வழுக்கும்.

மதலேனக்கா தன் பிளாஸ்டிக் குடத்தை என் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, "என்னட்டி இசபெல், வாய் அசையுது, தண்ணிக்கா மகனுக்கா?" என்றாள். ரெண்டுக்கும்தான் என்றேன். "ரெண்டையும் சேத்துக் கேட்டா மாதாவுக்குக் கொழம்பிரும், மகன் குழாய்ல வந்துருவான்." சிரித்துவிட்டேன். இந்த அக்கா இல்லாவிட்டால் இந்த மூன்று வாரத்தை நான் எப்படித் தள்ளியிருப்பேன், இளையவன் ரெமி கப்பலில் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டதென்று செய்தி வந்த அன்று ராத்திரி இவள்தான் பாயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விரித்தாள், ஒரு ஆறுதலும் சொல்லவில்லை, குறட்டைதான் விட்டாள், அந்தக் குறட்டைக்கும் ஸ்தோத்திரம். "சரி, மூத்தவன் எந்த ஊருக்குப் போறான்னு சொல்லு?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும், வளவுக்கே தெரியும், தெரிந்துதான் கேட்கிறாள். இளையவன் இருக்கிற ஊருக்கு என்றேன். "அந்த ஊருக்குப் பேரு இல்லையாக்கும்?" இருக்கு. "சொல்லேன் பாப்போம்." நான் குழாயைத் திருகிப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். பெனிட்டா அந்தப் பெயரை முதன்முதலில் சொன்னபோது, கப்பலைக் கரையில் விட்டு ரெமியைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லி ஊர்ப் பேரைச் சொன்னபோது, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவுக பேர். நாக்கை வளைத்து வெள்ளைக்காரன் மாதிரிச் சொன்னாலும் அவுக பேர்தான் அது, அவுகளுக்கு வைத்த அப்போஸ்தலர் பேரைத்தான் அந்த ஊருக்கும் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து நான் அவுக பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கோயிலில் அவுகளுக்குப் பூசை எழுத, போன வருசம்கூடப் பெனிட்டாவைத்தான் கூட்டிக்கொண்டு போனேன், சன்னலுக்குள்ளே இருந்தவர் இறந்தவர் பெயர் என்னம்மா என்றதும் அவளை முன்னால் தள்ளினேன். பிரார்த்தனை மாலையில் தொந்தரவில்லை, பெயரைச் சொல்வது உபதேசியார், வேண்டிக்கொள்வது மட்டும் நாங்கள். இப்போது என் பிள்ளை அந்தப் பெயருக்குள்ளே கட்டிலில் கிடக்கிறான், இன்னொரு பிள்ளை அந்தப் பெயரைப் பார்த்துப் பறக்கிறான், எனக்கோ அவன் எங்கே போகிறான் என்று சொல்ல வாயில்லை.

தண்ணீர் வந்துவிட்டது, முதலில் சிவப்பாக, பிறகு தெளிந்து, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், குடம் நிறையும் சத்தம் மெல்ல ஏறுகிறது. பெயருக்கு மரியாதை கொடுத்தேன் சரி, அவுக போனபிறகு பிள்ளைகள் வாயிலிருந்தும் ஒரு பெயர் போய்விட்டதே. சின்ன வயதில் ரெமிக்கு மூச்சுக்கு மூச்சு அண்ணன்தான், அண்ணன் சாப்ட்டாச்சா, அண்ணன் வந்தாத்தான் குளிப்பேன், அண்ணன் அடிச்சுட்டான், அண்ணன் மேல தப்பில்ல. இந்த ஐந்து வருசமாக "ஒங்க மூத்த மகன்" என்றுதான் சொல்கிறான். ஒங்க மூத்த மகன் எப்படி இருக்காரு. அந்த 'ரு'வில் ஒரு முள் இருக்கும். அவுக துறைமுகத்தில் வின்ச் ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்டு, செபம் சொல்லிப் படுத்த மனுசர், அவுகளுக்கு விடியவில்லை. ரெமி நடுக்கடலில் இருந்தான், கரை சேரவே நாளாகும் என்று கப்பலிலிருந்து சொன்னார்கள். ஒரு வாரம் வச்சிருங்க, நான் வந்துருதேன், ஒரு வாரம் மட்டும் என்று போனில் அழுதான், இழுத்து இழுத்து, பாதிச் சத்தம்தான் கேட்டது. கிளாடி என்னைப் பார்த்தான். நான் அவுகளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிப் பக்கத்தில் ஒரு பகல் உட்கார்ந்திருந்ததிலேயே என் உதடு காய்ந்துவிட்டது, அதைப் பார்த்தான், பார்த்துவிட்டு மறுநாளே அடக்கம் என்று சொல்லிவிட்டான். எனக்காகத்தான் சொன்னான். கடலில் இருந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? கிளாடி மீன் கம்பெனியில் ஐஸ் அறைகளுக்கு இன்ஜினீயர். ரெமி கரைக்கு வந்ததும் போன் போட்டு, ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்க, "மீனை மாசக்கணக்கா கெடாம வைக்கத் தெரிஞ்சவனுக்கு அப்பாவை ஒரு வாரம் வைக்கத் தெரியலையா?" என்றான். கிளாடி, "அப்பா மீனில்ல" என்றான். அவ்வளவுதான். இரண்டு பேச்சு. இரண்டும் சரிதான். அதனால்தான் ஆற மாட்டேன் என்கிறது, தப்பான பேச்சாக இருந்தால் ஒருத்தன் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பான்.

குடங்களை உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். சனிக்கிழமை, மகிழ்ச்சியின் தேவ இரகசியம். முதலாவது முடிந்து இரண்டாவதில் மாதா மலைநாட்டுக்கு விரைந்து போகிறாள், எலிசபெத்தைப் பார்க்க. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், மலை என்றால் என்ன என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை, எங்கள் ஊரில் உயரமான இடம் உப்பு அம்பாரம்தான். வெள்ளையாக, வெயிலில் கண்ணைக் கூசும். கிளாடி தாண்டுகிற அந்த மலையும் அப்படித்தான் இருக்குமோ, கடல் மாதிரி நீளத்துக்கு உப்பு அம்பாரம். இப்போது அங்கே குளிர்காலமாம், பனி விழுந்து சாலையை மூடிவிட்டார்களாம், பறந்துதான் தாண்ட வேண்டும், தாண்டும்போது ஆட்டும் என்று கிளாடியே சொன்னான். பனிமய மாதாவே, மழைகூடக் கணக்குப் பார்த்துப் பெய்கிற இந்த ஊருக்குப் பனியின் மாதா எதற்கு என்று சின்னதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன், இப்போது தெரிகிறது, இன்றைக்குத்தான். வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு, நாளைக்குக் கொடியேற்றம். கிளாடி மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு மிசின் பார்க்கப் போனதும் உன் செயல்தான், உலகத்தில் எத்தனையோ தேசம் இருக்க அவனைக் கம்பெனிக்காரர்கள் அங்கே அனுப்பியது, ரெமி பிழைத்தது, எலும்பு கூடுகிறது என்று டாக்டர் சொன்னது, கப்பல் ஏஜெண்டு நல்ல மனுசனாக வாய்த்தது, பக்கத்து ரூம் அம்மா பாசை தெரியாவிட்டாலும் சூப்புக் கொண்டுவந்து வைத்தது, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தால் மணி உருள மாட்டேன் என்கிறது, அதே மணியில் விரல் நிற்கிறது. செபதேயுவின் மனைவி சேசுவிடம் வந்து, என் பிள்ளைகளில் ஒருத்தனை உமக்கு வலப்பக்கமும் ஒருத்தனை இடப்பக்கமும் உட்கார வையும் என்று கேட்டாளே, அவளை எல்லாரும் பேராசைக்காரி என்பார்கள். எனக்கு அவள்மேல் கோபம் வந்ததே இல்லை. அவளும் வலைக்காரன் வீட்டுக்காரிதானே. நான் வலம் இடம் கேட்கவில்லை ஆண்டவரே, சிங்காசனம் கேட்கவில்லை, ஏதாவது ஒரு பெஞ்சில், ஒரே பெஞ்சில். கிளாடி நேற்றுச் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. "ஒங்களுக்காக ஒரு தடவை போறேன்மா. அவன் மொகத்தைத் திருப்பிக்கிட்டான்னா அடுத்த ஏரோப்பிளேன்ல வந்துருவேன். இனி கேக்கக்கூடாது." ரெமியோ, "வாரதுன்னா வரட்டும், ரோட்டை நானா மறிக்கேன்?" என்றான். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை, அதற்கும் ஸ்தோத்திரம்.

நாலே முக்கால் ஆனது. போனை மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கினதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தான், கிளாடி சொன்னால் செய்வான், பரீட்சை எழுதி முடித்த கையோடு எதிர்க்கடையிலிருந்து போன் போட்ட பிள்ளை. ஐந்து. அப்பளம் பொரித்த எண்ணெய்ச் சட்டியை மூடினேன், திறந்தேன், மூடினேன். ஐந்தேகால். ஒன்றேகால் மணி நேர ஓட்டத்துக்கு இத்தனை நேரமா? பெனிட்டாவுக்குப் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, சனிக்கிழமை அவளுக்கு லேபில் டூட்டி, போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். மலை ஞாபகம் வந்தது, ஆட்டும் என்று சொன்னானே, எவ்வளவு ஆட்டும், அதை நினைக்காதே, அருள் நிறைந்த மரியே, நினைக்காதே. அல்லது ஏறவே இல்லையோ. ஏறப்போய், படியில் கால் வைக்கப்போய், அந்த "மீனை" என்கிற சொல் ஞாபகம் வந்து திரும்பிவிட்டானோ. ஆண்டவரே, அப்படியே இருக்கட்டும், ஏறாமலே இருக்கட்டும், கோபமாகவே இருக்கட்டும், ரூமில் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கட்டும், இரண்டு பேரும் பேசாமலே கிழவர்களாகட்டும், உயிரோடு இருக்கட்டும். ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம். ரெமி சொல்வான், கப்பல் மேற்கே போகும்போது சாயங்காலம் மணியடித்து, இன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுங்கள் என்று சொல்வார்களாம், அன்றைக்கு அவர்களுக்கு இருபத்தைந்து மணி நேரம். முதல் கப்பலில் போனபோது, "யம்மா, இன்னைக்கு ஒரு மணி நேரம் சும்மா கெடச்சுது, தூங்கிட்டேன்" என்று அத்தனை சந்தோசம். அவுகளை அடக்கம் பண்ணின நாளும் கப்பல் மேற்கேதான் போயிருக்கிறது. பிறகு ஒரு நாள் சொன்னான். "ஒங்களுக்கெல்லாம் அன்னைக்கு ஒரு பகல்ல முடிஞ்சுபோச்சும்மா. எனக்கு அந்த நாள் ஒரு மணி நேரம் கூட." அதைக் கேட்டு நான் போனை வைத்துவிட்டுச் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு மணியை அவன் எங்கே நின்று கழித்தான் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது எனக்கும் அப்படி ஒன்று வந்திருக்கிறது, கணக்கில் இல்லாத ஒரு மணி. மூன்றாவது தேவ இரகசியம், நாலாவது, எதில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. ஐந்தாவதில் காணாமல்போன பிள்ளையைத் தாய் மூன்று நாள் தேடுகிறாள். சுவரில் அவுக படம், மல்லிகை காய்ந்திருந்தது. உங்க பேருள்ள ஊருதானே, என்றேன் படத்தைப் பார்த்து, உங்க பேரை வச்சுக்கிட்டு ஒரு பிள்ளையை எறக்கிவிட முடியாதா? பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

போன் அடித்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, மதலேனக்கா வாசலில் நின்று கொடி ஊர்வலத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேனா, அதுவாக எடுத்துக்கொண்டதா. "யம்மா." கிளாடி இல்லை, ரெமி. இளையவன் ஏன் கூப்பிடுகிறான், மூத்தவனைப் பற்றி இளையவனிடம் யார் என்ன சொன்னார்கள். "எங்கய்யா இருக்க?" "ஏர்போர்ட்ல." "இந்தக் காலை வச்சுக்கிட்டு ஒன்னய யாரு அங்க போகச் சொன்னா?" "ரூம்ல கெடந்து சொவத்தையே பாத்துப் பாத்து சொவருக்கு என் மொகம் அலுத்துப்போச்சு. ஏஜெண்டு வண்டி இந்தப் பக்கம் வந்துச்சு, தொத்திக்கிட்டேன்." "கால் வலிக்காதா மக்கா?" "வலிக்கத்தான் செய்யுது. ஐஸ் வச்சுக் கட்டிருக்கேன். ஐஸ் வைக்கத் தெரிஞ்ச ஆளு வாரார்லா, சரியா வச்சிருக்கேனான்னு பாத்துச் சொல்லட்டும்." ஐஸ் என்றானே, இது கேலியா குத்தலா, அவன் முகம் தெரியவில்லையே, குரலில் முள்ளைத் தேடினேன். தேட நேரமில்லை. "ரெமி, ஏரோப்பிளேன் வரலையே மக்கா, நாலே முக்காலுக்கு எறங்கிருக்கணும், ஒரு மணி நேரமாச்சே, மலையில எதுவும்..." "வரலையா? இந்தா போர்டுல போட்டிருக்கான், எறங்கியாச்சு. கரெக்டா எட்டேகால், டயத்துக்கு வந்திருக்கு." "எட்டேகாலுன்னா நாலே முக்கால்லா?" அவன் சிரித்தான், எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு, மூக்கால் ஒரு சத்தம் வருமே. "பெனிட்டா ரெண்டு ஊருக்கும் ஒரே கணக்கைப் போட்டுக் குடுத்துட்டாளா? அந்தப் பக்கத்துக்கு எட்டரை, இந்தப் பக்கத்துக்கு ஒம்பதரைம்மா. ஓட்டமே ரெண்டேகால் மணி நேரம். மலையத் தாண்டுனா கடியாரத்தை ஒரு மணி பின்னால தள்ளணும், நாங்க கப்பல்ல தள்ளுவோம்லா, அதேதான். அண்ணனுக்கு ஒரு மணி நேரம் சும்மா கெடச்சிருக்கு."

அண்ணனுக்கு. அவன் கவனித்தானோ இல்லையோ, சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான், இங்கே வெயிலே இல்லம்மா, கையெல்லாம் வெறைக்குது, பாஸ்போர்ட்ல முத்திரை போட்டு வெளிய வர அரை மணி ஆகும், ஒரு பெஞ்சு இருக்கு, பக்கத்துல ஒரு கெழவி உக்காந்து பின்னிக்கிட்டு இருக்கா, அவகிட்ட இந்த எடம் எங்க அண்ணனுக்குன்னு சைகை காட்டிப் பிடிச்சு வச்சிருக்கேன் என்றான். இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டான். நான் கேட்காதவள்போல, "சரி மக்கா, தலையில துணியக் கட்டிக்கோ" என்று மட்டும் சொன்னேன், தொட்டியில் வந்து உட்கார்ந்த குருவியைப் பார்க்கிற மாதிரி, ஆடாமல். பெஞ்சு என்றா சொன்னான். மாதாவே, பெஞ்சு என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். போனை வைத்தபிறகும் கையில் சூடு இருந்தது. காலையிலிருந்து தப்பாகக் கூட்டின அந்த ஒரு மணி நேரத்தை எண்ணிப் பார்த்தேன், பயந்தது, பேரம் பேசியது, செபதேயு பெண்டாட்டிக்கு வக்காலத்து வாங்கியது, அது ஒன்றும் வீணாகவில்லை, யாரோ என்னை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெரிய கோயில் மூவேளை செப மணி அடித்தது. எழுந்து சிலுவை போட்டேன், வாசலுக்கு வந்தேன். மதலேனக்கா என் முகத்தைப் பார்த்தாள், கேலி பண்ணப்போகிறாளா அழப்போகிறாளா என்று அவளுக்கே முடிவாகவில்லை. "என்னட்டி? எறங்கிட்டானா?"

"எறங்கிட்டான்."

"எங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மணி இன்னும் அடித்து முடியவில்லை.

"சந்தியாகுல" என்றேன்.